மூண்டதா, மூட்டப்பட்டதா? முதல் உலகப் போர் வரலாறுகளின் மொழி குறித்து

அரபுக் கல்லூரி மாணவர்களுக்கு நவீன அரபு உரைநடை கற்பிக்கும்போது ஆண்டுதோறும் ஒரு வாக்கியம் நம் முன் வந்து நிற்கும். 'இந்தலஅதில் ஹர்புல் ஆலமிய்யா' என்பது அவ்வாக்கியம். 'உலகப் போர் மூண்டது' என்பது அதன் பொருள். மாணவர் எழுந்து ஸர்ஃபு முறைப்படி வினையைப் பிரித்துக் காட்ட வேண்டும். மூல எழுத்துகள் தால், லாம், ஐன், பாபு இன்ஃபிஆல், வினை லாஸிம், அதாவது செயப்படுபொருள் குன்றியது, ஃபாயில் 'ஹர்பு' என்னும் சொல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் இவ்வளவையும் பிழையறச் சொல்லி முடித்துவிட்டு, "உஸ்தாத், இலக்கணப்படி போர்தான் ஃபாயில். அப்படியானால் அந்தப் போரைச் செய்தவர் யார்?" என்று வினவினார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். பின்னர் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. முதல் உலகப் போர் பற்றி நாம் படித்த நூல்களை எல்லாம் அந்த வினாவோடு மீண்டும் திறந்து பார்க்க நேர்ந்தது. அந்த வாசிப்பின் விளைவே இக்கட்டுரை.

'இந்தலஅ' என்னும் வினையைப் பழைய அகராதிகள் வாயிலிருந்து நாக்கு வெளிவருவதற்குச் சொல்கின்றன. நாக்கு பிற்காலத்தில் தீநாக்காயிற்று, தீநாக்கு போராயிற்று. தமிழிலும் இதே நிலைதான். மூள்வது தீயின் இயல்பு. அச்சொல்லையே சினத்துக்கும் பகைக்கும் போருக்கும் நாம் வழங்குகிறோம். ஆனால் தமிழ் இலக்கணம் நமக்கு இரண்டு வடிவங்களைத் தந்திருக்கிறது. 'மூண்டது' தன்வினை, 'மூட்டினர்' பிறவினை. பரவியது, பரப்பினர் என்பனவும் அவ்வாறே. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் முதல் வடிவத்தையே தேர்ந்துகொள்கின்றன. போர் மூண்டது, வெடித்தது, பரவியது, கண்டங்களை விழுங்கியது. இவ்வாக்கியங்களில் மனிதர் இல்லை. காய்ந்த காடும் காற்றும் மட்டுமே உள்ளன.

ஜாஹிலிய்யாக் காலத்துக் கவிஞர் ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மா இவ்வகையில் நம் வரலாற்றாசிரியர்களைவிடக் கண்டிப்பானவர். ஒரு குதிரைப் பந்தயத் தகராறில் தொடங்கிப் பல்லாண்டு நீண்ட தாஹிஸ் - கப்ராப் போரின் முடிவில், கொல்லப்பட்டோருக்கான இரத்தப் பரிகாரத்தைத் தம் பொறுப்பில் ஏற்ற இருவரைப் புகழ்ந்து அவர் பாடிய முஅல்லகா நம் பாடத்திட்டத்தில் உள்ளது. போரைத் தீயாகவும் திரிகைக் கல்லாகவும் சூல்கொண்ட ஒட்டகமாகவும் அவர் உருவகிக்கிறார். எனினும் அதனை எழுப்பிவிடும் வினையை அவர் தம் முன்னே நிற்கும் குலத்தார்மீதே சுமத்துகிறார். உருவகம் எத்துணை அழகாயினும் செய்தவர் மறைவதில்லை.

இனி ஐரோப்பிய நூல்களுக்கு வருவோம். 1919-இன் வெர்சேல்ஸ் உடன்படிக்கை தனது 231-ஆம் பிரிவில் பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தியது. வென்றவர் எழுதிய தீர்ப்பாதலால் அதற்கு எதிர்வினை விரைவில் வந்தது. 1930-களில் தம் போர் நினைவுகளை எழுதிய முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ், நாடுகள் யாவும் கொதிகலனுக்குள் வழுக்கி விழுந்ததாகச் சித்திரித்தார். வழுக்கி விழுவோருக்குக் குற்றமில்லை. 1961-இல் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர், தம் நாட்டின் ஆவணக் காப்பகங்களைத் திறந்து, 1914 செப்டம்பரில் பெர்லின் தீட்டிய விரிவாதிக்கத் திட்டத்தை வெளிக்கொணர்ந்தார். அவருடைய நாட்டிலேயே அவருக்கு எதிராகப் பெரும் கூச்சல் எழுந்தது. 1969-இல் ஏ.ஜே.பி. டெய்லர், ரயில் கால அட்டவணைகளே போரைக் கொண்டுவந்தன என்று வாதிட்டார். 2012-இல் கிறிஸ்டோஃபர் கிளார்க், 'தூக்கத்தில் நடப்போர்' எனப் பொருள்படும் 'தி ஸ்லீப்வாக்கர்ஸ்' என்ற பெருநூலை வெளியிட்டார்.

கிளார்க்கின் நூல் அண்மைக்காலத்தில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட ஒன்று. அதன் சிறப்பை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. சரயேவோவில் கதையைத் தொடங்கும் வழக்கத்துக்கு அவர் கட்டுப்படவில்லை. 1911 செப்டம்பர் 29 அன்று இத்தாலி உஸ்மானியரிடமிருந்து திரிப்போலியைப் பறிக்கப் போர் அறிவித்தது. உஸ்மானியரின் வலுவின்மையை அது வெளிச்சமிட்டது. 1912 அக்டோபரில் பால்கன் நாடுகள் கூடித் தாக்கின. ஐரோப்பாவில் உஸ்மானியருக்கு இருந்த நிலப்பரப்பு ஏறக்குறைய முழுவதும் பறிபோனது. செர்பியா பெருத்தது, ஆஸ்திரியா அஞ்சியது. 1914-க்கான பாதை லிபியாவின் கடற்கரையிலிருந்து வருகிறது என்பதை ஐரோப்பிய வாசகர்களுக்கு இவ்வளவு அழுத்தமாகச் சொன்னதற்கு நாம் அவருக்கு நன்றி பாராட்ட வேண்டும். முஸ்லிம் நிலங்களில் நடப்பவை ஐரோப்பிய வரலாற்றின் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிடும் வழக்கத்தை அந்நூல் ஓரளவு முறித்தது.

ஆனால் அதன் தலைப்பு அதன் உள்ளடக்கத்தோடு பொருந்தவில்லை. தூக்கத்தில் நடப்பவர் ஆவணங்களில் கையெழுத்திடுவதில்லை. 1914 ஜூன் 28 அன்று, உஸ்மானியர் காலத்து லத்தீன் பாலத்தின் அருகே காவ்ரிலோ பிரின்சிப் இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் சுட்டார். அன்று வழியில் ஆயுதங்களோடு நின்ற சதியாளருள் முஹம்மத் மெஹ்மத்பாஷிச் என்ற போஸ்னிய முஸ்லிமும் ஒருவர். வண்டி அவரைக் கடந்தபோது அவர் கை உயரவில்லை. கொலை நிகழ்ந்தபின் போர் வர ஒரு மாதம் ஆயிற்று. தீ இவ்வளவு மெதுவாகவா மூளும்? ஜூலை 5 அன்று வியன்னாவின் தூதராக ஹோயோஸ் பெர்லின் சென்றார். ஜெர்மன் பேரரசர் நிபந்தனையற்ற ஆதரவை வாக்களித்தார். மறுநாள் தலைமையமைச்சர் பெத்மன் ஹோல்வெக் அதனை உறுதி செய்தார். ஹங்கேரியப் பிரதமர் திஸா முதலில் போரை எதிர்த்தார். இரு வாரங்களில் இணங்கினார். பிரெஞ்சு அதிபர் புவான்காரே பீட்டர்ஸ்பர்க்கில் விருந்தினராக இருந்தார். அவர் கப்பலேறி விடைபெறும் நேரத்தைக் கணக்கிட்டே ஜூலை 23 மாலை செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடுவிதிக்கும் ஓலை தரப்பட்டது. கடிகாரம் பார்த்துச் செய்த இச்செயலுக்கு உறக்கம் எவ்வாறு உவமையாகும்?

அதைவிட முக்கியமான செய்தி, போர் நடுவில் நின்றும் இருக்கிறது என்பது. ஜூலை 29 அன்று ரஷ்யாவின் முழுப்படைத் திரட்டு ஆணையில் ஜார் மன்னர் கையெழுத்திட்டார். அன்றிரவு ஜெர்மன் பேரரசரின் தந்தி வரவே ஆணையைத் திரும்பப் பெற்றார். மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் நெடுநேரம் வற்புறுத்தியபின் மீண்டும் இணங்கினார். ஒரு மனிதர் ஒரு தந்தியைப் படித்ததால் ஓர் இரவு முழுதும் நின்ற ஒன்றைக் காட்டுத்தீ என்பது எவ்வாறு தகும்? ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மன் பேரரசர், பிரான்சை விடுத்துப் படை முழுவதையும் கிழக்கே திருப்பும்படி தலைமைத் தளபதி மோல்ட்கேயிடம் கூறினார். பல்லாயிரம் ரயில்களின் ஏற்பாட்டை இனி மாற்ற இயலாது என்று தளபதி மறுத்தார். டெய்லரின் வாதத்துக்கு இதுவே உயிர்நிலை. எனினும் அந்நாளில் ஜெர்மன் இராணுவத்தின் ரயில்வே பிரிவுக்குத் தலைவராக இருந்த ஸ்டாப், பின்னாளில் ஒரு நூலே எழுதி, மாற்றியிருக்க முடியும் என்று அட்டவணைகளைக் கொண்டே காட்டினார். ஆக, இயலாது என்பதும் ஒருவர் எடுத்த முடிவே. ஃபிஷர் ஃபாயிலைக் கண்டுபிடித்தார். ஆனால் ஒருமையில் நிறுத்திவிட்டார். கிளார்க் பன்மையைக் கண்டார். கண்டபின் அவர்களை உறங்க வைத்துவிட்டார்.

இது ஐரோப்பாவுக்குள் நிகழ்ந்த கதை. ஐரோப்பியப் போர் உலகப் போராக ஆனது எவ்வாறு என்ற பகுதியில்தான் 'பரவியது' என்னும் சொல் மிகுந்த தீங்கு செய்கிறது. கடலைத் தாண்டித் தீ பரவாது. யாரேனும் ஒருவர் கொள்ளியைக் கப்பலில் ஏற்ற வேண்டும். 1914 ஆகஸ்ட் 4 இரவு பிரிட்டன் போர் அறிவித்தது. விடிவதற்குள் 'அலர்ட்' என்னும் பிரிட்டிஷ் கப்பல் கடலடியில் கிடந்த ஜெர்மன் தந்திக் கம்பிகளை அறுக்கத் தொடங்கியது. கம்பி போனால் கம்பியில்லாத் தந்தி. ஆப்பிரிக்காவில் டோகோலாந்தின் கமினா என்ற ஊரில் ஜெர்மானியர் கட்டியிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையம் பெர்லினையும் அதன் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களையும் கடலோடும் கப்பல்களையும் இணைத்து வந்தது. டோகோலாந்தைப் போரிலிருந்து விலக்கிவைக்கலாம் என்று அங்கிருந்த ஜெர்மன் ஆளுநர் முன்மொழிந்தார், பிரிட்டன் ஏற்கவில்லை. பரவாதிருக்க ஒரு வாய்ப்பு கேட்கப்பட்டது; அது மறுக்கப்பட்டது. அந்த ஆகஸ்ட் முற்பாதியில், பிரிட்டிஷ் படையினர் தரைப்போரில் சுட்ட முதல் குண்டு டோகோ மண்ணில் வெடித்தது. சுட்டவர் இன்றைய கானாவில் திரட்டப்பட்ட படைப்பிரிவின் வீரர். அவர் பெயர் அல்ஹாஜி க்ருன்ஷி. பெல்ஜியத்தின் நடுநிலைக்காக எனச் சொல்லப்பட்ட போரின் முதல் பிரிட்டிஷ் குண்டு ஓர் ஆப்பிரிக்க ஹாஜியின் பெயரில் பதிவாகியிருக்கிறது.

சீனக் கடற்கரையில் இருந்த ஜெர்மன் துறைமுகமான சிங்டாவோவின் கதையும் இத்தகையதே. ஜெர்மன் கப்பல்களைத் தேடும் வரையறுத்த உதவியையே லண்டன் ஜப்பானிடம் கேட்டது. ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் கட்டோ அந்த இடுக்கு வழியே ஒரு பெருங்கதவைத் திறந்தார். ஆகஸ்ட் 23-இல் போர் அறிவிப்பு, நவம்பர் 7-இல் சிங்டாவோவின் வீழ்ச்சி. பசிபிக் தீவுகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிடப்பட்டன. இந்தியாவுக்கோ அத்தகைய சடங்குகூட இல்லை. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அறிவித்தார். துணைக்கண்டம் போரில் இருந்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை.

சென்னை வாசகருக்கு இதில் ஒரு நினைவு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்தருகே வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. இங்குத் தீ உருவகமன்று, மெய்யாகவே எரிந்தது. அதனை மூட்டியவரின் பெயரும் நமக்குத் தெரியும், கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். சூழ்ச்சியும் துணிச்சலும் மிக்கவரை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கம் தமிழில் நிலைத்துவிட்டது. செய்தவரை மறவாத ஒரு சொல்லை நம் தெருக்கள் உருவாக்கின; நம் பாடநூல்களோ 'போர் பரவியது' என்றே எழுதின.

எல்லாவற்றிலும் நம்மை நெடுநேரம் நிறுத்திய செய்தி பஹ்ரைன் பற்றியது. 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து ஒரு படையணி கப்பலேறியது. 23-ஆம் நாள் அது பஹ்ரைன் கடலில் நங்கூரமிட்டுக் காத்திருந்தது. அன்று உஸ்மானியப் பேரரசு போரில் இல்லை. பாரசீக வளைகுடாவில் எதிரி என்று எவரும் அறிவிக்கப்படவில்லை. ஆனால் அபாதானில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. அதனை நடத்திய ஆங்கிலோ - பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்க பிரிட்டிஷ் அரசு அவ்வாண்டின் நடுவில்தான் முடிவு செய்திருந்தது. நவம்பர் 6-இல் அப்படை ஃபாவில் இறங்கியது. 22-இல் பஸரா வீழ்ந்தது. போர் மெசபொடேமியாவுக்குப் பரவியது என்று எழுதுவோர் இந்த இரு வாரக் காத்திருப்பை எந்த வினையால் குறிப்பார்கள்?

இவ்வளவையும் படித்து நம் வாசகர் பலர் மகிழ்ந்திருக்கக்கூடும். மேலைநாட்டாரின் சூழ்ச்சி அம்பலமாயிற்று என்ற மகிழ்ச்சி அது. ஆகவே அடுத்த பகுதியை எழுதுவது நமக்கு எளிதாக இல்லை.

தமிழில் முஸ்லிம்கள் எழுதிய கிலாஃபத் வரலாறுகளில் நாம் மீண்டும் மீண்டும் காணும் வாக்கியம், 'உஸ்மானியப் பேரரசு போருக்குள் இழுக்கப்பட்டது' என்பது. செயப்பாட்டு வினை, எழுவாய் மறைவு. மாணவரின் வினாவை இங்கும் எழுப்பியாக வேண்டும். இழுத்தவர் யார்? வழக்கமாகச் சொல்லப்படும் விடை, பிரிட்டன் பறித்துக்கொண்ட இரண்டு போர்க்கப்பல்கள். பொதுமக்களின் நன்கொடையும் சேர்ந்த பணத்தில் பிரிட்டிஷ் தளங்களில் கட்டப்பட்ட 'சுல்தான் உஸ்மான்', 'ரஷாதிய்யா' என்னும் கப்பல்களை 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் சர்ச்சிலின் கடற்படைத் துறை கைப்பற்றியது உண்மை. அந்த அவமானம் மக்களைக் கொதிக்கச் செய்ததும் உண்மை. ஆனால் முஸ்தஃபா அக்சகால் 2008-இல் வெளியிட்ட ஆய்வு நூல் நாள்வரிசையை நம் முன் வைக்கிறது. அன்வர் பாஷா ஜெர்மன் தூதர் வாங்கன்ஹைமை அணுகிக் கூட்டணி கேட்டது ஜூலை 22 அன்று. அப்போது வியன்னாவின் ஓலைகூட பெல்கிரேடுக்குத் தரப்படவில்லை. ஆகஸ்ட் 2 அன்று தலைமை வஸீர் சயீத் ஹலீம் பாஷாவின் மாளிகையில் இரகசிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நிதியமைச்சர் ஜாவித் பே கையெழுத்தான பிறகே அதனை அறிந்தார். கப்பல்களின் பறிப்பு காரணமன்று. ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் கிடைத்த நியாயம்.

பின்னர் நடந்தவற்றிலும் தானாக நிகழ்ந்தது எதுவுமில்லை. ஆகஸ்ட் 10 அன்று கோபன், பிரெஸ்லாவ் என்னும் ஜெர்மன் கப்பல்கள் தார்தனெல்ஸ் நீரிணைக்குள் அனுமதிக்கப்பட்டன. விற்பனை என்ற பெயரில் கொடி மாறியது. ஜெர்மன் மாலுமிகள் ஃபெஸ் தொப்பி அணிந்தனர். அக்டோபரில் ஜெர்மன் தங்கம் இஸ்தான்புல் வந்து சேர்ந்தது. அக்டோபர் 29 அன்று ஜெர்மன் தளபதி சூஷோன் தலைமையில் அக்கப்பற்படை, போர் அறிவிப்பின்றி ஒடேசாவையும் செவஸ்தபோலையும் சுட்டது. ஜாவித் பே உள்ளிட்ட அமைச்சர் சிலர் பதவி விலகினர். விலகியவர்கள் இருந்தார்கள் என்பதே, வேறு வழியும் இருந்தது என்பதற்குச் சான்று.

எல்லாவற்றையும் அன்வர் ஒருவர் தலையில் கட்டுவதும் முறையன்று. அக்சகாலின் நூல் நமக்கு உணர்த்தும் முதன்மைச் செய்தி இதுவே. 1912-13-இன் பால்கன் தோல்வியும் உயிர் தப்பி வந்த இலட்சக்கணக்கான முஸ்லிம் அகதிகளும் இஸ்தான்புல்லின் கற்றோர் மனத்தில் ஆறாத காயத்தை உண்டாக்கியிருந்தன. வல்லரசுகளின் அவைகளில் நீதி கிடைக்காது, வாளால் மட்டுமே பிழைக்க முடியும் என்ற எண்ணம் இதழ்களிலும் நூல்களிலும் ஓங்கியது. அந்த எண்ணத்தை நாம் புரிந்துகொள்கிறோம். டாக்டர் அன்சாரி மருத்துவக் குழுவோடு துருக்கிக்குச் சென்ற காலம் அது. ஆஸாதின் 'அல்ஹிலால்' பிறந்ததும் அப்போதுதான். புரிந்துகொள்வது வேறு, ஃபாயிலை மறைப்பது வேறு. 1914 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் சாரிகாமிஷ் பனிமலையில் பல்லாயிரம் அனதோலிய உழவர் மக்கள் உறைந்து மடிந்தபோது அங்குத் தலைமை தாங்கியவர் அன்வர். 1915-இல் ஆர்மீனியர் தம் ஊர்களிலிருந்து பெயர்க்கப்பட்டு அழிக்கப்பட்டபோது ஆணைகள் இஸ்தான்புல்லிலிருந்தே புறப்பட்டன. இவற்றையும் செயப்பாட்டு வினையில் எழுதும் நூல்கள் நம் அலமாரிகளில் உள்ளன.

உலமாக்களாகிய நாம் மிகக் கூர்ந்து படிக்க வேண்டிய ஆவணம் 1914 நவம்பர் 14 அன்று, ஹிஜ்ரி 1332 துல்ஹஜ் இறுதி வாரத்தில், இஸ்தான்புல் ஃபாத்திஹ் பள்ளிவாசலில் படிக்கப்பட்ட ஜிஹாத் ஃபத்வா. ஷைகுல் இஸ்லாம் ஹைரி எஃபந்தியின் பெயரில் அமைந்த ஐந்து வினாக்களும் ஐந்து விடைகளும் கொண்டது அது. ஃபத்வாவின் மரபு அறிந்தவர்க்கு ஒன்று தெரியும். முஃப்தி தம்மிடம் கேட்கப்பட்டதற்கே விடை பகர்வார். ஆகவே ஃபத்வாவின் உயிர் முஸ்தஃப்தியின் வினாவில் இருக்கிறது. இந்த ஐந்து வினாக்களும் நீண்டவை. பகைவர் இஸ்லாமிய நாடுகள்மீது பாய்ந்துவிட்டனர் என்பதை அவை முன்கூட்டியே மெய்யென எடுத்துக்கொள்கின்றன. விடையோ ஒரே சொல்: 'ஆம்'. இரண்டு வாரங்களுக்கு முன் கருங்கடலில் முதலில் சுட்டது யார் என்ற வினா கேட்கப்படவில்லை. கேட்கப்படாததால் விடையும் இல்லை. வடிவம் பிழையற்றது. ஹனஃபி ஃபிக்ஹு நூல்களின் சொற்கள் தத்தம் இடத்தில் உள்ளன. வாகிஆத், அதாவது நிகழ்ந்தது இன்னது என்ற அடிப்படை மட்டும் அரசின் கையிலிருந்து வந்தது.

ஐந்தாம் வினா இன்னும் சிந்தனைக்குரியது. உஸ்மானிய அரசுக்குத் துணைநிற்கும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எதிராகப் போரிடும் முஸ்லிம்கள் பாவிகளா என்பது அதன் சாரம். எதிரிகளின் பட்டியலில் ரஷ்யா, இங்கிலாந்து, பிரான்சு, செர்பியா, மாண்டினீக்ரோ ஆகியன உள்ளன. திரிப்போலியை மூன்றாண்டுகளுக்கு முன் பறித்த இத்தாலி இல்லை. 1914 நவம்பரில் இத்தாலி நடுநிலை நாடு. பெர்லினும் வியன்னாவும் தம் பக்கம் வைத்துக்கொள்ள விரும்பிய நாடு. லிபிய முஸ்லிமின் இரத்தம் அன்றைய கூட்டணிக் கணக்கில் வரவில்லை. ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ஃபான் ஓப்பன்ஹைம் அதே ஆண்டில் முஸ்லிம் நாடுகளைக் கிளர்ந்தெழச் செய்வது பற்றி விரிவான திட்டக் குறிப்பு எழுதியிருந்தார். டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்குரோன்யே இதனைக் கண்டு, ஜெர்மனியில் தயாரான புனிதப் போர் என்று எள்ளி நூல் எழுதினார். ஆச்சேயில் டச்சு ஆட்சிக்குத் துணைநின்ற அவருக்கு எள்ளும் தகுதி இருந்ததா என்பது வேறு செய்தி. ஆனால் அவர் சுட்டிய முரணை நம்மவர் எவரும் இன்றுவரை முறையாக எதிர்கொள்ளவில்லை என்பதே நம் கருத்து.

ஃபத்வாவின் சுமை யார் தோளில் இறங்கியது என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. 'காம்ரேட்', 'அல்ஹிலால்' ஆகிய இதழ்களைப் பிரிட்டிஷ் அரசு அவ்வாண்டிலேயே முடக்கியது. அலீ சகோதரர்கள் 1915-இல் காவலில் வைக்கப்பட்டனர். 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் 5-ஆம் இலகு காலாட்படையின் முஸ்லிம் சிப்பாய்கள் கிளர்ந்தனர். துருக்கியரை எதிர்த்துப் போரிட அனுப்பப்படுவோம் என்ற அச்சம் அவர்களிடையே பரவியிருந்தது. 47 பேர் வரிசையாக நிறுத்தி, மக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் உண்மையில் செல்லவிருந்தது ஹாங்காங்குக்கு. அதே ஆண்டில் ஜெர்மனியின் வூன்ஸ்டோர்ஃப் கைதி முகாமில், மக்ரிபு, இந்திய முஸ்லிம் கைதிகளைத் தம் பக்கம் திருப்புவதற்காக மரத்தால் ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டது. ஒருபுறம் புனிதத் தலங்களைத் தாக்கமாட்டோம் என்ற பிரிட்டிஷ் அறிக்கை, மறுபுறம் கைதி முகாமில் மினாரா. இரண்டுக்கும் நடுவே ஒரு பஞ்சாபி உழவர் மகன்.

மக்கள் இப்போரை என்ன பெயரால் நினைவில் வைத்தார்கள் என்பதைக் கற்றோரின் வரலாறுகள் கேட்பதில்லை. ஷாம் நாட்டு முதியோர் வழக்கில் அது 'அல்ஹர்புல் ஆலமிய்யா' அன்று, 'ஸஃபர் பர்லிக்'. படைத்திரட்டு என்று பொருள்படும் துருக்கிச் சொல்லின் அரபு வடிவம் அது. அவர்களுக்குப் போர் என்பது மகனை அழைத்துச்செல்ல வந்த அரசின் ஆள். அதற்குப்பின் வந்த வெட்டுக்கிளி, நேசநாடுகளின் கடல் முற்றுகை, தானியத்தைப் பறித்த அதிகாரி, பதுக்கிய வணிகர், லெபனான் மலைநாட்டின் கொடும் பஞ்சம். அச்சொல் போரைத் தீயென்று சொல்லவில்லை. ஓர் ஆணையின் பெயரையே போருக்கு வைத்துவிட்டது. நாம் அறிந்தவரை, நிகழ்ந்ததற்கு மிக அருகில் நிற்கும் பெயர் இதுதான்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இத்தகைய ஒரு பெயர் உண்டு. தாங்கா, தாருஸ்ஸலாம் என்னும் துறைமுகங்களைத் தாக்குவதில்லை என்று உள்ளூர் அளவில் ஓர் உடன்பாடு இருந்தது. 1914 நவம்பர் தொடக்கத்தில் அது முடிந்துவிட்டதாக அறிவித்து, இந்தியாவிலிருந்து கொணர்ந்த ஏறத்தாழ 8,000 பேரைப் பிரிட்டிஷார் தாங்காவில் இறக்கினர். அவர்களுள் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் இலகு காலாட்படையும் இருந்தது. எண்ணிக்கையில் மிகக் குறைந்த ஜெர்மன் படையிடம் தோற்று அவர்கள் கப்பலேறினர். அந்தப் போர் நான்கு ஆண்டுகள் நீண்டது. வண்டியும் விலங்கும் செல்லாத காடுகளில் மூட்டை சுமக்க ஊர் ஊராகப் பிடித்துச்செல்லப்பட்ட ஆப்பிரிக்கர் பல்லாயிரக்கணக்கில் நோயாலும் பட்டினியாலும் இறந்தனர். ஐரோப்பாவில் 1918 நவம்பர் 11 அன்று துப்பாக்கிகள் ஓய்ந்த செய்தி ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கை எட்டுவதற்கு இரு நாள் ஆயிற்று. அவர் ஆயுதங்களை ஒப்படைத்தது நவம்பர் 25 அன்று. சுமை தூக்கிய அந்தப் பிரிவை ஆங்கிலத்தில் 'கேரியர் கோர்' என்பர். ஸ்வாஹிலி நாக்கில் அது 'கரியாக்கோ' ஆயிற்று. தாருஸ்ஸலாமில் அப்பெயரோடு ஒரு பெரிய சந்தை உள்ளது. காய்கறியும் துணியும் வாங்க இன்றும் மக்கள் கரியாக்கோவுக்குச் செல்கிறார்கள்.